கயாக் துடுப்புக்கு எந்த மரம்? திருகோணமலையில் ஒரு தெரிவு

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வாடகைக்கு எடுக்கும் கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகுடன் நமக்குத் தரப்படுவது அநேகமாக அலுமினியத் தண்டும் அகன்ற பிளாஸ்டிக் அலகும் கொண்ட துடுப்புத்தான். கரையோரமாக ஒரு மணி நேரம் சுற்றி வர அது போதும். சொந்தமாக ஒரு கயாக் வைத்திருந்து, ஆவணி மாதத்து விடியற்காலையில் டச்சுக் குடாவிலிருந்து இறங்கி, கோணேசர் கோயில் மலையின் அடிவாரம் வரை போய், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்புமுன் திரும்ப நினைப்பவருக்கு அது போதாது. என்னுடைய பழைய துடுப்பின் இரு பாதிகளையும் பிணைத்திருந்த பொத்தான் போன்ற சிறு உலோக முளை உப்பில் அரித்துப்போய், ஒருநாள் கடலில் வைத்தே முறிந்தது. அதன்பின் தண்டு மூட்டில் உருண்டுகொண்டே இருந்தது. இரு அலகுகளும் வெவ்வேறு திசையைப் பார்த்தன. காற்றோ கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளியது. அன்று கரை சேர்ந்த கையோடுதான் மூட்டே இல்லாத, ஒரே மரத்தாலான துடுப்பொன்றை நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

முதலில் தீர்க்க வேண்டியது வடிவம். மரம் அதற்குப் பின்னால்தான் வரும். மரத்தில் கையால் செய்யக்கூடிய இரட்டை அலகுத் துடுப்புகளில் மூன்று வடிவங்களைக் கருதலாம். ஒன்று, வாடகைத் துடுப்பைப் போல அகன்ற, குட்டையான அலகுடைய ஐரோப்பிய வடிவம். இரண்டாவது, அலாஸ்காவை அடுத்த அலூசியன் தீவுகளின் வடிவம். அதன் அலகில் ஒரு முகத்தில் முதுகெலும்பு போன்ற வரம்பு ஓடும். மூன்றாவது கிறீன்லாந்தின் இனுயிட் மக்களுடையது: மூன்று அல்லது மூன்றரை அங்குல அகலமே உள்ள, நீண்டு ஒடுங்கிய அலகு. மரம் வளராத அந்நாட்டில், சைபீரிய ஆறுகளிலிருந்து பனிக்கடல் வழியே மிதந்து வந்து ஒதுங்கிய கட்டைகளிலிருந்து அவர்கள் துடுப்பைச் செதுக்கினார்கள். கிடைத்த ஒரு கட்டையிலிருந்து, வீணாக்காமல், உடலின் அளவுக்கு ஒரு கருவி என்பது அதன் அடிப்படை. வீட்டு முற்றத்தில் வேலை செய்பவருக்கு அதுவே ஏற்றது என்பது என் முடிவு. ஐரோப்பிய வடிவத்தின் குழிந்த அலகுக்கு அகலப் பலகையோ ஒட்டுவேலையோ தேவை. அலூசியன் வடிவத்தின் வரம்பை இருபுறமும் ஒன்றுபோல் எடுப்பது முதல்முறை செய்பவருக்குக் கடினம். கிறீன்லாந்து வடிவத்துக்கு நான்கு அங்குலப் பலகை ஒன்று போதும்.

நம்முடைய கடலும் இதே முடிவைத்தான் சொல்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் கடல் அமைதியாக இருந்தாலும், முற்பகலுக்குப் பின் கச்சான் கரையிலிருந்து வீசும். தலைக்கு மேலே நிற்கும் அகன்ற அலகை அந்தக் காற்று பிடுங்குவதைத் தோள்கள் நன்கறியும். ஒடுங்கிய அலகு தாழ்வாகவே செல்வதால் காற்று அதைப் பிடிப்பது குறைவு. இதற்கு எதிரான நியாயங்களையும் சொல்ல வேண்டும். வாடைக் காலத்து உடையும் அலைகளுக்குள்ளிருந்து ஓர் எட்டில் பாய்ந்து வெளியேற அகன்ற அலகே விரைவில் நீரைப் பற்றும். இறக்கக்கண்டிக் களப்பைப் போல முழங்கால் ஆழமே உள்ள இடங்களில் நீண்ட அலகு சேற்றைத் தொடும். உங்கள் பயணம் பெரும்பாலும் களப்புக்குள்ளேதான் என்றால் இந்தக் கட்டுரையின் முடிவு உங்களுக்குப் பொருந்தாது.

கிறீன்லாந்து அளவுமுறையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. இரு கைகளையும் விரித்த நீளத்தோடு முழங்கையிலிருந்து விரல் நுனி வரையான நீளத்தைக் கூட்டினால் அதுவே துடுப்பின் நீளம் என்பது அவர்கள் வழக்கம். நம் கடற்றொழிலாளர் ஆழம் பார்க்கும் பாகமும், பூக்காரி அளக்கும் முழமும்தான் அவை. ஒரு பாகமும் ஒரு முழமும்: எனக்கு அது 168 சென்றிமீற்றரும் 46 சென்றிமீற்றருமாகச் சேர்ந்து 214, அதாவது ஏழு அடியும் கொஞ்சமும் ஆகிறது. நடுப்பிடி ஏறத்தாழ தோளகலம், பதினெட்டு முதல் இருபது அங்குலம். அலகின் அகலம் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே கை வசதியாகக் கவ்வக்கூடிய அளவைத் தாண்டக் கூடாது. ஏனெனில் இந்தத் துடுப்பில் அலகையே பிடித்து வலிக்கும் தருணங்களும் உண்டு.

இனி மரம். நிமிடத்துக்கு அறுபது முறை வலித்தால் மணிக்கு 3600 முறை அந்தத் துடுப்பைக் கை தூக்குகிறது என்ற கணக்கை மனதில் வைத்தே எந்த மரத்தையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன அளவில் செய்த துடுப்பின் கனவளவு சுமார் 2.2 லீற்றர். வட அமெரிக்காவில் இதற்கு விரும்பி எடுக்கும் செந்தேவதாருவின் அடர்த்தி கனமீற்றருக்கு 370 கிலோகிராம் அளவே; அதில் செய்தால் துடுப்பு ஒரு கிலோவைத் தொடாது. அந்த மரம் நம் மரக்காலைகளில் கிடைக்காது. இங்கே கிடைப்பவற்றுள் அதற்கு அண்மையில் வருவது எது என்பதே கேள்வி.

என் மனம் முதலில் சென்றது சவண்டலைக்கு. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் இந்த மரத்தை வெளிநாட்டு மர வணிகம் நம் ஊரின் பெயராலேயே ‘திருகோணமலை மரம்’ என்று அழைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து சென்னைக்கு அது கப்பலேறி, அங்கே அலைகளுக்குள் சென்று வரும் மசூலாப் படகுகளுக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களுக்கும் பயன்பட்டது. வளைத்தால் முறியாமல் வளைந்து கொடுக்கும் குணமும், உப்பு நீருக்கு அசையாத உறுதியும் அதற்கு உண்டு. ஊரின் பெயரைத் தாங்கிய மரத்தில், ஊரின் கடலுக்கு ஒரு துடுப்பு என்ற எண்ணம் என்னை வாரக் கணக்கில் பிடித்து வைத்திருந்தது. பழைய வீடொன்றைப் பிரித்தபோது கிடைத்த சவண்டலைச் சட்டமொன்றை எடுத்துக்கொண்டு கிண்ணியாவிலுள்ள ஓடாவியார் ஒருவரிடம் போனேன். அவர் அதை இரு கையாலும் ஏந்தி, மேலும் கீழும் இரண்டு முறை அசைத்துப் பார்த்துவிட்டு என் மடியில் வைத்தார். “தம்பி, இது வள்ளத்துக்குப் போற மரம், கைக்குப் போற மரமில்ல” என்றார். “நுனியில மட்டும் வைக்கலாமா நானா?” என்று கேட்டேன். அதற்கு அவர் ஆம் என்று தலையசைத்தார். அதைப் பற்றிப் பின்னர் வருகிறேன். அவர் சொன்னது கணக்குப்படியும் சரிதான். அடர்த்தி 900 அளவிலுள்ள மரத்தில் அதே துடுப்பு இரண்டு கிலோவாகிவிடும். எடையைக் குறைக்கத் துடுப்பு முழுவதையும் மெலிதாக்கினால் நடுப்பிடி கைக்குள் நிற்காத அளவுக்கு ஒல்லியாகும். ஊர்ப் பாசத்துக்காக ஒவ்வொரு வலிப்பிலும் ஒரு கிலோவைக் கூடுதலாகச் சுமப்பது நியாயமில்லை.

முதிரை, பாலை இரண்டையும் இதே காரணத்தால் ஒதுக்கிவிடலாம்; பாலை நீரில் தாழும் மரம், கை நழுவினால் துடுப்பு கடலின் அடிக்குப் போய்விடும். பனையின் கறுப்பு வைரம் (முற்றிய கடின மரம்) வலிமையானது என்றாலும் நார்நாராகப் பிளந்து கைக்குள் சிராய் ஏறும். வேம்பு வளைந்து வளர்வதால் எட்டடிக்கு நேரான நாரோட்டம் அதில் கிடைப்பது அரிது.

தேக்கையும் மகோகனியையும் நிதானமாக ஒப்பிட வேண்டும், ஏனெனில் எந்த மரக்காலைக்குச் சென்றாலும் முதலில் காட்டப்படுபவை இவை இரண்டுந்தான். தேக்கின் எண்ணெய்ப் பசை உப்பையும் வெயிலையும் தாங்கும். ஒரு பருவம் முழுவதும் கவனிக்காமல் விட்டாலும் நிறம் வெளிறுவதைத் தவிர அதற்குப் பெரிய கேடு வராது. ஆனால் அடர்த்தி 650 அளவில் இருப்பதால் துடுப்பு 1.4 கிலோவுக்கு வரும். அதிலுள்ள மணற்சத்து சீவுளியின் கூரை விரைவில் மழுக்கும். எண்ணெய்ப் பசையால் ஒட்டுவேலையின்போது பசை சரியாகப் பிடிக்காது, ஒட்டுமுன் அசிற்றோன் தொட்டுத் துடைக்க வேண்டியிருக்கும். மகோகனி அதைவிட இலகுவானது. தோட்டங்களில் வளர்ந்த மரம் 550 அளவில் இருக்கும், துடுப்பு 1.2 கிலோவில் முடியும். கூரான சீவுளிக்கு அது வெண்ணெய் போல இடம் கொடுக்கிறது; காய்ந்த பலகை பின்னர் முறுக்கிக்கொள்வதும் குறைவு. அதன் ஒரே தொல்லை, சில பலகைகளில் நார் அடுத்தடுத்த பட்டைகளாக எதிரெதிர்த் திசையில் ஓடுவது. அப்படிப்பட்ட பலகையில் ஒரு பக்கம் வழுவழுப்பாகச் சீவும் தள்ளலே அடுத்த அரை அங்குலத்தில் மரத்தைப் பிய்த்தெடுக்கும். வாங்குமுன் பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: நாடா நாடாவாக ஒளியும் நிழலும் மாறி மாறித் தெரிந்தால் அது அலுமாரிக்கு அழகு, துடுப்புக்கு வேண்டாம்.

நான் இறுதியில் தெரிவு செய்தது மலைவேம்பு. மரக்காலைகளில் லுணுமிதெல்ல என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். விலை குறைந்த கூரை மரம் என்று பலர் அதை மதிப்பதில்லை; எனினும் இந்தத் தீவின் கடற்றொழிலாளர் நெடுங்காலமாகத் தெப்பங்களுக்கும், வள்ளத்தின் பக்கவாட்டில் மிதக்கும் கட்டைக்கும் அதைத்தான் எடுத்து வந்திருக்கிறார்கள். இலகுவாக இருந்து, நன்றாக மிதந்து, கடல்நீரில் பழகிய மரம் எது என்ற கேள்விக்கு அவர்களின் அனுபவமே விடை. அடர்த்தி 400-ஐ ஒட்டியது. என் துடுப்பு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே வந்தது. அதன் குறைகளை மறைத்துவிட்டுப் புகழ்வது சரியாகாது. நகத்தால் அழுத்தினால் தடம் விழும் அளவுக்கு மென்மையானது. வெள்ளைப் பாகத்தில் புழு விழும். தேக்கைப் போல வெளியே மழையில் போட்டுவைக்க முடியாது. இந்தக் குறைகள் வாசற்காலுக்குப் பெரியவை. ஒவ்வொரு நாளும் நனைந்து, கழுவி, நிழலில் காய்ந்துவிடும் துடுப்புக்கு அவ்வளவு பெரியவை அல்ல. சிவந்த வைரப் பாகமாகப் பார்த்து எடுப்பதும், கணு எதுவும் நடுப்பிடியின் எல்லையில் வராதபடி பார்ப்பதும் போதுமானவை. அளவு ஏழரை அடி நீளம், நான்கு அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிப்பு. பலகையின் தலைப்பில் தெரியும் வளையக் கோடுகள் அகன்ற முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாக ஓடினால் காயும்போது அலகு ஓடு போல வளையும். நான் வாங்கிய பலகையை நாலைந்து வாரம் கூரைக்குக் கீழே, குறுக்குக் கட்டைகளின் மேல் அடுக்கி வைத்துக் காய விட்டபிறகே கோடு போட்டேன்.

துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் பொதிப்பெட்டிகளின் பைன் பலகையைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். மரம் நல்லதுதான், எடை மகோகனிக்கும் மலைவேம்புக்கும் இடையில் நிற்கும். பெட்டியில் ‘எச்.டி.’ என்ற முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது என்று பொருள், ‘எம்.பி.’ என்றிருந்தால் மெதைல் புரோமைட் புகையூட்டியது, அதைச் சீவித் தூசாக்கி மூச்சில் எடுக்க வேண்டாம். பலகைகள் நான்கடிக்கு மேல் கிடைப்பதில்லை என்பதும், ஒவ்வொன்றிலும் ஆணித் துளைகள் இருப்பதும் அதை ஒட்டுவேலைக்கு மட்டுமே உரியதாக்குகின்றன. அல்பீசியா மரம் இன்னும் இலகுவானது, ஆனால் அலகின் ஓரம் ஒரு கல்லில் பட்டாலே நசுங்கிவிடும்.

ஒரே பலகையா, மெல்லிய பட்டைகளை ஒட்டிச் சேர்த்ததா என்பது அடுத்த தெரிவு. ஒட்டிய துடுப்பு ஏட்டளவில் மேலானது: எதிரெதிராகத் திருப்பி ஒட்டிய பட்டைகள் ஒன்றின் முறுக்கலை மற்றொன்று தடுக்கும், நடுவில் ஒரு மகோகனிப் பட்டையும் இருபுறமும் மலைவேம்பும் வைத்தால் உறுதியும் இலேசும் சேர்ந்து வரும். நானும் அதைச் செய்து பார்த்தேன். சித்திரை மாதத்துப் பிற்பகலில் எபொக்சிப் பசையை ஒரே தடவையில் ஒரு கோப்பை நிறையக் கலந்ததுதான் நான் செய்த பிழை. இரண்டாவது பட்டைக்குப் பூசிக் கொண்டிருக்கும்போதே கோப்பை கையைச் சுட்டது. சில நிமிடங்களில் புகை எழும்பி, பசை கல்லாக இறுகியது. குளிர்நாடுகளுக்கு எழுதிய நேரக் கணக்கு நம் வெப்பத்தில் பாதிக்கும் கீழாகக் குறைகிறது. அவ்வாறு ஒட்ட விரும்புபவர் விடியற்காலையில், சிறு சிறு அளவாகக் கலந்து, அகன்ற தட்டில் பரப்பி வைத்துப் பயன்படுத்த வேண்டும். குறைந்தது பத்துப் பன்னிரண்டு இறுக்கிகளும் வேண்டும். இவையெல்லாம் கைவசமுள்ளவருக்கு ஒட்டுவேலை நல்ல வழி. முதல் துடுப்பைச் செய்பவருக்கு, ஒரு நேரான பலகையைத் தேடி இரண்டு சனிக்கிழமைகளைச் செலவிடுவது அந்தத் தொல்லைகளை எல்லாம் மிச்சப்படுத்தும். ஒட்டு இல்லாத துடுப்பில் ஒட்டு விடும் என்ற பயமும் இல்லை.

மேற்பூச்சில் எனக்கு ஐயமில்லை, எண்ணெய்தான். வார்னிஷ் பூசிய துடுப்பு முதல் மாதம் கண்ணாடி போலப் பளபளக்கும். வெயில் அதைத் தின்னத் தொடங்கியதும் பொருக்குகளாக எழும்பும், அவற்றுக்குள் உப்புநீர் புகுந்தால் மரம் கறுக்கும். ஈரக் கையில் அது வழுக்கவும் கொப்புளம் எழுப்பவும் செய்யும். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் ஊறி இறுகுவதால் கைக்கு மரமே தெரியும். மங்கினால் மறுபடி ஒருமுறை தேய்த்தால் முடிந்தது. வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயைப் பூசலாமே என்று அயலவர்கள் சொல்வார்கள். அது எத்தனை நாள் போனாலும் உலராத எண்ணெய், துடுப்பு பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். வள்ளங்களுக்கு முன்னர் பூசிய புன்னை எண்ணெய் நீரைத் தடுப்பதில் சிறந்தது, ஆனால் அதன் கருமையும் நெடியும் கையோடு வரும் கருவிக்கு ஒத்துவராது. ஆளிவிதை எண்ணெயிலும் காய்ச்சாததை விடக் காய்ச்சியதாகச் சொல்லி விற்பதே வேகமாக உலரும். மாரி மாதங்களில் காய்ச்சாததைப் பூசினால் உலருமுன் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: இந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது உலரும்போது உண்டாகும் வெப்பத்தாலேயே தீப்பற்றக் கூடும். துணியை விரித்துக் கொடியில் காயப் போடுங்கள், அல்லது நீரில் ஊறவைத்து எறியுங்கள்.

சவண்டலைக்கு இப்போது திரும்பலாம். கிறீன்லாந்தில் மென்மையான மிதவைக் கட்டையின் நுனிகள் பனிக்கட்டியில் தேயாமலிருக்க எலும்பால் விளிம்பு கட்டினார்கள். நமக்குப் பனிக்கட்டி இல்லை. ஆனால் டச்சுக் குடாவின் பாறைகளும், ஒவ்வொரு முறையும் கரை தட்டும்போது ஊன்றும் மணலும் மலைவேம்பின் நுனியை ஒரே பருவத்தில் தூரிகை போலாக்கிவிடும். ஓடாவியார் காட்டியபடி, அலகின் இரு நுனிகளிலும் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, சவண்டலைத் துண்டில் அதற்கேற்ற நாக்கு எடுத்துப் பொருத்தி, எபொக்சி தொட்டு, குறுக்கே இரண்டு மூங்கில் முளைகள் அடித்தேன். வெறும் தலைப்பில் தலைப்பை ஒட்டினால் நிற்காது, காடி அவசியம். பழைய சட்டத்தில் ஒரு சாணளவு மட்டுமே இதற்குச் செலவாகியது, எடையில் கூடியது கையால் உணரக்கூடிய அளவல்ல.  இவ்வளவு உறுதியான நுனி இருக்கிறது என்பதற்காக, நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளில் அதை ஊன்றிவிடாதீர்கள். 2003 முதல் அது தேசிய பூங்கா, அந்தப் பவளம் நாம் தொட்டால் மீளாது.

செதுக்கும் வேலையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனெனில் மரத் தெரிவு சரியாயிருந்தும் துடுப்பு கெடுவது இங்கேதான். நடுக்கோட்டைப் பென்சிலால் நான்கு முகங்களிலும் போட்டு, கடைசி அரத்தாள் வரை அது அழியாமல் காக்க வேண்டும். அலகின் இரு முகங்களும் சமமாக இல்லாவிட்டால் நீருக்குள் இழுக்கும்போது அது இடமும் வலமும் துடிக்கும். அந்தத் துடிப்பை எந்த எண்ணெயும் மறைக்காது. கண்ணை மட்டும் நம்பாமல், கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலையும் சுட்டுவிரலையும் அலகின் இருபுறமும் வைத்து நுனி வரை ஓட்டிப் பாருங்கள். முதல்நாள் எனக்கு வலது அலகில் ஒரு சாணளவு இடம் தடித்துத் தெரிந்தது; பார்வைக்கு அங்கே எதுவும் இல்லை. சீவுளி நான்கே முறை போய் வந்தது, தாள் போன்ற சுருள்கள் நான்கு விழுந்தன, விரல்கள் அதன்பின் எங்கும் தடைப்படவில்லை.

மிஞ்சிய மகோகனிப் பலகையில் ஆறடிக்கும் குறைவான இரண்டாவது துடுப்பொன்றைச் செய்து கயாக்கின் முன்தளத்தில் கட்டி வைத்திருக்கிறேன். நடுப்பிடி இரண்டு கை அகலமே உள்ள அந்தக் குட்டைத் துடுப்பை, கைகளை நகர்த்தி நகர்த்தி வலிக்க வேண்டும். காற்று மிகும்போது அது நீண்டதை விட எளிது. மலைவேம்புத் துடுப்பு வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு கயிற்று வளையங்களுக்குள் படுக்கையாகத் தொங்குகிறது. சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு மாரிக்குள் வில்லாகிவிடும்.